காலியாக விட்ட கட்டம்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெயரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை, அவ்வளவுதான். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். தாராவியில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்துபோன பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அக்கா டீச்சர் இல்லை. செம்பூரில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பை தைத்துப் பிழைத்த முஸ்லிம் குடும்பம். பி.காம் முடித்தவர். காலையில் சயன் ஸ்டேஷனில் ஏறி, குர்லாவில் இறங்கி வண்டி மாறி செம்பூருக்குப் போவார். திரும்பி வரும்போது என் கடையில் ஒரு நிமிஷம் நிற்பார். அந்த ஒரு நிமிஷத்தில் கைப்பையிலிருந்து ஒரு தாள் வெளியே வரும்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரே தாள், முன்னும் பின்னும். பிஸிக்ஸானாலும் சரி, அக்கவுண்ட்ஸானாலும் சரி, கம்ப்யூட்டரானாலும் சரி, நாற்பது பக்கப் பாடம் அந்த ஒரு தாளுக்குள் வந்துவிடும். நாலாக மடித்தால் சட்டைப் பைக்குள் போகும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாவது வரை முனிசிபாலிட்டி பள்ளிக்கூடத்தில் இந்தியில் படித்துவிட்டு, பதினோராவதில் ஒரேயடியாக இங்கிலீஷ் காலேஜில் போய் விழுவார்கள். முதல் மாதத்திலேயே முழி பிதுங்கும். கோச்சிங் கிளாசுக்குப் போக வசதி கிடையாது. அவர்களுக்கு அக்காவின் தாள்தான் கிளாஸ்.

தாளின் இடது பக்கம் புத்தகத்தில் உள்ள விஷயம், சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களில். வலது பக்கம் நம் பேச்சு, அதையும் இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதுவார். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் திணறும் என்பது அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ‘ஸ்டாக்’ என்று ஒன்று வரும், கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். அதற்கு அக்கா எழுதியது: "குர்லாவில் கடைசியாகத் தொற்றிக்கொண்டு ஏறுகிறவன் வாசலில்தான் நிற்பான். அடுத்த ஸ்டேஷனில் முதலில் இறங்குகிறவனும் அவன்தான்." அக்கவுண்ட்ஸில் தேய்மானத்துக்கு: "புது ரிக்‌ஷா ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிஷமே செகண்ட் ஹேண்ட்." ஒரு தடவை படித்தால் அப்புறம் மறக்கவே மறக்காது. அவர் கையெழுத்தில் கொண்டுவருவதை நான் கம்ப்யூட்டரில் அடித்து, கட்டம் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து வைப்பேன். காப்பி எடுக்கிற கூலிக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன்.

அவருடைய விசேஷம் இதெல்லாம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. மும்பையில் யாரிடம் வழி கேட்டாலும், தெரியாதவன்கூட ஏதாவது ஒரு பக்கம் கையை நீட்டிவிடுவான். அக்கா நின்று, கேட்டவரின் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியாது, வேற யாரையாச்சும் கேளுங்க" என்பார். அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிரியாணி பண்ணத் தெரியுமா என்று கேட்டார்களாம். தெரியாது என்றாராம். கத்துக்குவியா என்று கேட்டதற்கும், "அதுவும் இப்பவே தெரியாதுல்லா" என்றாராம். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. இதை அவரே சொல்லிச் சிரித்தார்.

நோட்ஸிலும் அதே கதைதான். தனக்குப் புரியாததை எழுத மாட்டார். புத்தகத்தில் பார்த்து அப்படியே காப்பியடித்துப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? போட மாட்டார். அந்த இடத்தில் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு ஒரு கட்டம் வரைந்து காலியாக விடுவார். கீழே ஒரு வரி இருக்கும்: "இது எனக்குப் புரியல. சாரைக் கேளுங்க. புரிஞ்சா எனக்கும் வந்து சொல்லுங்க."

பிள்ளைகள் வந்து சொல்வார்கள். அதுதான் வேடிக்கை. ஒரு பையன் கடன் பத்திரத்தைப் பற்றி விளக்கம் சொல்ல வந்தான். அக்கா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவனை மூன்று தடவை சொல்ல வைத்தார். "நீ சொல்லுதது காதுல விழுது, மண்டையில ஏறல. இன்னொருக்கச் சொல்லு." மூன்றாவது தடவை, "ஆங், இப்ப ஏறிட்டு" என்று பேனாவை எடுத்தார். அடுத்த வருஷத் தாளில் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. குளிர்பதனப் பெட்டியின் வேலை புரியவில்லை என்று குர்லாவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிறவர் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்த ஆள் அவர்.

எனக்கு அந்தக் காலிக் கட்டங்கள் பிடிக்கவில்லை. இதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். அந்த இரண்டு வருஷப் படிப்பு எனக்குள் கிடந்து குடைந்துகொண்டிருந்தது. பி.காம் படித்த ஒரு பெண் பிஸிக்ஸ் எழுதுகிறார், நான் அதை டைப் அடிக்கிறேன். போதாக்குறைக்கு வாடிக்கைக்காரர்கள் வேறு. "பாய், யே பேஜ் அதூரா ஹை" என்று, பக்கம் அரைகுறையாக இருப்பதாகச் சொல்லி ஒருவர் திருப்பிக் கொடுத்தார், ஏதோ நான் பாதி அச்சடித்து ஏமாற்றிவிட்ட மாதிரி. அதே சமயம் பெரிய கிளாஸ்காரர்களின் பளபளப்பான நோட்ஸ் வந்து எதிர்க் கடையில் தொங்கியது. அதில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு பிஸிக்ஸில் குறைகடத்தி என்று ஒரு பாடம். அதில் பி-டைப் என்று ஒரு வகை. அக்கா கொண்டுவந்த தாளில், "பி-டைப்புக்கு சார்ஜ் உண்டா?" என்று தலைப்பு. கீழே காலிக் கட்டம்.

இதில் என்ன புரியவில்லை இவருக்கு என்று நினைத்தேன். பி என்றாலே பாசிட்டிவ். பிறகென்ன? அக்கா அன்று அவசரமாகப் போய்விட்டார். நான் கட்டத்தை நிரப்பினேன். சும்மா நிரப்பவில்லை, அக்கா மாதிரியே நிரப்பினேன். பிள்ளைகள் பரீட்சையில் அப்படியே எழுதட்டும் என்று இங்கிலீஷில் அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ரயில் பெட்டியில் ஆண்கள் அதிகமாக ஏறினால் அந்த டப்பா ஜென்ட்ஸ் டப்பா ஆகிவிடுவது போல, பாசிட்டிவ் அதிகமானதால் பி-டைப் பாசிட்டிவ் சார்ஜ் உடையது." அடித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அது சுத்தமான தப்பு. அந்தப் பொருளை மொத்தமாகப் பார்த்தால் கூட்டல் எவ்வளவோ கழித்தலும் அவ்வளவே. சார்ஜ் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் அக்காவுக்குப் பிடிபடாமல் இருந்திருக்கிறது. அவர் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறார். நான்தான் முந்திக்கொண்டு ஓடி விழுந்தேன்.

அக்காவுக்கு அச்சான தாளைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. போர்டு பரீட்சைக்கு முந்தைய பிரிலிம் பரீட்சை வந்தது. முடிந்து பத்து நாள் கழித்து, அக்காவின் தங்கை மகள் நஸீமா கடைக்கு ஓடிவந்தாள். மாதுங்கா பக்கம் ஒரு காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, நாங்க காப்பி அடிச்சோம்னு சொல்றாங்க. பத்தொம்பது பேரு. ஹால் டிக்கெட் தர மாட்டேங்குறாங்க."

"எதை வச்சு சொல்றாங்க?"

"ஜென்ட்ஸ் டப்பான்னு எழுதிருந்தோம்ல? பத்தொம்பது பேரும் ஒரே மாதிரி எழுதிருக்கோம். சார் கிளாஸ்ல சத்தமா படிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க வாப்பா, படிச்சது போதும், ஊருக்கு அனுப்பிருதேன்னு சொல்லுதாங்க. பெரியம்மாட்ட சொல்லிட்டேன், அவங்க இங்கதான் வந்துட்டு இருக்காங்க."

அக்காவின் கையெழுத்துத் தாள் மேஜை டிராயரில்தான் இருந்தது. டிராயரை மூடியிருந்தேனா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அக்கா வந்தார். அச்சடித்த தாளைக் கையில் வைத்திருந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"தம்பி, இதை நான் எழுதுனேனா?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. தாராளமான நொடி.

"உங்க தாள்ல இருந்ததைத்தான் அடிச்சேன்க்கா."

"கட்டத்தைக் காலியாத்தான விட்டேன்?"

"இல்லக்கா. எழுதியிருந்துச்சு."

"அந்தத் தாளைக் காட்டு பாப்போம்."

"ரத்தியில போட்டுட்டேன்." பழைய பேப்பர்க்காரன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்.

அக்கா அச்சுத் தாளை மறுபடி வாசித்தார். உதடு அசைய, மெதுவாக. ஜென்ட்ஸ் டப்பா என்ற இடத்தில் நின்றார்.

"எனக்கு ஞாபகமே இல்லையே தம்பி," என்றார். பிறகு அவரே சொன்னார்: "ஆனா இப்படி எழுதுறது நான்தான். வேற யாரு எழுதுவா இப்படி?"

நான் தலையாட்டினேன். அவர் பாணியை நான் அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தேன், அவரே ஏமாந்துபோகும் அளவுக்கு. அவர் போனதும் டிராயரைத் திறந்து அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

மறுநாள் அக்கா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என்னையும் காலேஜுக்கு வரச் சொன்னார். டைப் அடித்தவன் என்ற முறையில் நான் சாட்சி. போனேன். போகாமல் இருந்திருந்தாலாவது கொஞ்சம் மனுஷனாக இருந்திருப்பேன்.

பிஸிக்ஸ் சார் தமிழர், மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். அக்கா தாளை அவர் மேஜையில் வைத்தார்.

"சார், பிள்ளைங்க காப்பி அடிக்கல. இதை நான்தான் எழுதிக் குடுத்தேன். அதுங்க நம்பி மனப்பாடம் பண்ணிருக்கு. தப்பு என் பேர்ல."

சார் தாளை முன்னும் பின்னும் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கேள்?"

"பி.காம், சார்."

"பி.காம் படிச்சுட்டு பிஸிக்ஸ் நோட்ஸா?" அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "சரி, இவ்வளவு பேரோட வாழ்க்கையில விளையாடறோமேன்னு உங்களுக்குத் தோணலையா? புரியலேன்னா பேசாம விட்டுடப்படாதோ?"

புரியவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று, உலகத்திலேயே அதைச் செய்துவந்த ஒரே ஆளிடம் கேட்டார். நான் சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். அக்கா தலைகுனிந்து, "விட்டிருக்கணும் சார்," என்றார்.

அக்காவை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தாளைத் தயாரித்தது நான், இனி மாணவர்களுக்கு எந்த நோட்ஸும் கொடுக்க மாட்டேன், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அவர்கள் கேட்காத ஒரு வரியையும் அக்கா சேர்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். "எனக்குப் புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் எழுதிவிட்டேன்" என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பது பேருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது. நஸீமா பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். ஆனால் அக்காவின் தங்கை அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். என் பிள்ளை மானத்தை வாங்கின நோட்ஸும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நஸீமாதான் சொன்னாள்.

அக்கா அதற்குப் பிறகு தாள் கொண்டுவரவில்லை. பிள்ளைகள் வந்து கேட்பார்கள். "அக்காவுக்கு வேலை ஜாஸ்தி" என்பேன். அவர் சில நாள் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நிற்க மாட்டார், கையை மட்டும் காட்டுவார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிப் போட்டதில் ஒரு வருஷம் போனது. பிறகு அவர்கள் வீடு மாறி செம்பூருக்கே போய்விட்டார்கள். அப்பாடா என்று இருந்தது. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது என் மகளே பதினோராவது படிக்கிறாள். எந்தப் பாடத்தைக் கேட்டாலும் அவள் ஃபோன் அரை நிமிஷத்தில் சுருக்கிக் கொடுத்துவிடுகிறது. புரியவில்லை என்று அது ஒருநாளும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அக்கா எதிரே வந்தார். முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முடி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. பக்கத்து ஹோட்டலில் காப்பி சாப்பிட உட்கார்ந்தோம். பில் வந்ததும் அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கூட்டிப் பாரு தம்பி, சரியா இருக்கான்னு. நான் பாத்தா நம்ப முடியாது."

"நீங்க கணக்கு எழுதுற ஆளுக்கா."

"அதெல்லாம் விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு." டம்ளரைத் தள்ளி வைத்தார். "எங்க உம்மாவுக்குக் கடைசில எல்லாம் மறந்துபோச்சுன்னு உனக்குத் தெரியும்லா? அடுப்பைப் பத்த வச்சுட்டு நான் பத்த வைக்கலன்னு சத்தியம் பண்ணுவாங்க. நான் அந்தத் தாளை எழுதிட்டு எழுதலன்னு நின்னேன் பாரு, அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உம்மாவோடது எனக்கும் வந்துட்டு. நாப்பது வயசுலயே வந்துட்டு. ஆபீஸ்ல ஒவ்வொரு பில்லையும் நாலு பேர்ட்ட காட்டுவேன், சரியா எழுதிருக்கனான்னு. எத்தனை நாள் பொறுப்பாங்க? நானே நின்னுட்டேன்."

ஒரு நோட்ஸை நிறுத்திவிட்டேன் என்று மட்டும்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தாராவியில பிள்ளைங்களுக்கு நோட்ஸ் எழுதித் தரச் சொல்லி இப்பவும் கூப்பிடுதாங்க," என்றார். "நான் மாட்டேன்னுட்டேன். நீ எழுதேன் தம்பி. நீ நிதானமான ஆளு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அதை நீங்க எழுதல. நான்தான் எழுதினேன். நீங்க காலியாத்தான் விட்டிருந்தீங்க."

அவர் புரியாமல் பார்த்தார். நான் மறுபடியும் சொன்னேன். தாள் டிராயரில் இருந்ததையும், அவர் போன பிறகு கிழித்ததையும் சொன்னேன். அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எழுதலையா?" என்றார்.

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

அவர் முகம் மலர்ந்தது. நான் பயந்தது எதுவும் அந்த முகத்தில் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. என்மேல் கோபப்பட அவருக்கு நேரமே இருக்கவில்லை. கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, கண்ணாடியைச் சரியாக ஏற்றிக்கொண்டு, எண்ணைத் தேடி அழுத்தினார். பேச்சை முறித்துக்கொண்ட தங்கைக்கு என்று, அவர் பேசிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏட்டி, வச்சுராத. ஒரு நிமிஷம் கேளு. நான் எழுதலயாம். அந்த நஸீமா நோட்ஸு. நான் காலியாத்தான் விட்டிருக்கேன். எனக்கு ஒண்ணுமில்லட்டி, உம்மாவுக்கு வந்தது எனக்கு வரல. நான் எழுதல."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் தங்கை ஏதோ கேட்டார். யார் எழுதியது என்று கேட்டிருக்க வேண்டும். அக்கா எதிரே உட்கார்ந்திருந்த என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார்.

"யாரோ ஒரு கடைக்காரன்," என்றார்.

தம்பி என்ற சொல் இல்லாமல் அவர் என்னைக் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை.